ஐம்பத்தொன்று

பிப்ரவரி 11, செவ்வாய்

இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், என்னை எண்ணுனீங்களா?"

முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் எத்தனையோ கேள்விகள் வந்தன. பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்றால், யாருமே இல்லாத பந்தியில் ஒரு கூடை வடையை ஆளுக்கு எத்தனை என்று பரிமாறுவாய் என்று திருப்பிக் கேட்பேன். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் "எண்ணுனேன்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று காலை அந்தச் சிறுமி போன் செய்தாள். குணவதி. இப்போது நாற்பத்தொரு வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மார்ச் இரண்டாம் தேதி பழைய மாணவிகள் கூட்டமாம்.

"அமலா டீச்சர், நீங்களும் வல்லி டீச்சரும் மேடையில உக்காரணும். நான்தான் பேசப்போறேன். மாமல்லபுரம் டூரப் பத்தித்தான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

உடனே வல்லிக்குப் போன் போட்டேன். சௌந்தரவல்லி எங்கள் பள்ளியின் உடற்கல்வி டீச்சர். நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரே வருடத்தில் ஓய்வுபெற்றவர்கள். அவள் வீடு உறையூர், என் வீடு பொன்மலைப்பட்டி. தினமும் ஒரு போன் உண்டு.

"நீ போ. நான் வரல" என்றாள்.

"ஏன்டீ?"

"ஒரு புள்ளைய கடக்கரையில விட்டுட்டு வந்தவளுக்கு சால்வை போடுவாங்களா? தலையத் தொட்டு எண்ணுனவ நான். தொட்டு எண்ணியும் தப்பு. அத விடு. விசா பேப்பர பிரிண்ட் எடுத்தியா இல்லையா?"

எடுத்துவிட்டேன். அடுத்த வாரக் கடைசியில் நானும் அவளும் வியட்நாமில் இருக்கும் சைகோன் போகிறோம். அவளுடைய முழங்கால் அறுவைச் சிகிச்சை வெற்றியைக் கொண்டாட.

பிப்ரவரி 13, வியாழன்

கணக்குப் போடும்போது, கொடுக்கப்பட்டவை எவை என்று முதலில் எழுதச் சொல்வேன். நானும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

1996 ஜனவரி. ஏழாம் வகுப்பு. ஐம்பத்திரண்டு பெண்கள், ஒரு பேருந்து, மாமல்லபுரம். எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றால் இரண்டு எண்ணிக்கை. வல்லி படிக்கட்டில் நின்று ஏறுகிற ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவாள். நான் உள்ளே இருக்கை இருக்கையாக எண்ணுவேன். வல்லி தன் எண்ணை முதலில் கூவுவாள். நான் உள்ளிருந்து என் எண்ணைச் சொல்வேன். இரண்டும் பொருந்தினால் அவள் விசில் ஊதுவாள், வண்டி கிளம்பும்.

அன்று மாலை ஒரு பெண் பேருந்தில் ஏறியபின், கீழே விட்ட செருப்பை எடுக்க இறங்கி மறுபடி ஏறினாள். அவள் தலையை வல்லி இரண்டு முறை தொட்டிருக்கிறாள். "அம்பத்திரண்டு" என்று கூவினாள்.

நானும் "அம்பத்திரண்டு" என்றேன். அவள் விசில் ஊதினாள்.

மதுராந்தகத்தில் டீக்கு நிறுத்தியபோதுதான் குணவதி இல்லை என்று தெரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனோம். மொத்தம் மூன்று மணி நேரம். சிப்பி மாலை விற்கும் ஓர் அம்மாள் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, சுண்டல் வாங்கிக்கொடுத்து, ஊசியும் நூலும் கையில் கொடுத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குணவதி இரண்டு மாலை கோத்துவிட்டாள். அழவில்லை. திரும்பி வரும் வழியில், பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

வல்லிக்கு மெமோ வந்தது. அந்த மாதம் மாநிலப் போட்டிக்கு அவள் அழைத்துப் போகவிருந்த கபடி அணியை வேறொரு டீச்சரிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வருடம் அவள் புழுதியில் நின்று தேற்றிய அணி. கோப்பையோடு திரும்பி வந்தது. வல்லி பள்ளி வாசலில் நின்று கைதட்டி வரவேற்றாள். அதன்பின் ஓய்வுபெறும்வரை அவள் பிள்ளைகளோடு ஒரு பேருந்திலும் ஏறவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. படிக்கட்டில் எண்ணிக்கை தவறிவிட்டால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார் என்று விசாரணையில் சொன்னார்கள்.

என் எண்ணிக்கை ஐம்பத்தொன்று.

மேலே உள்ள வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். விடைத்தாள்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியான விடையை எழுதிவிட்டு, பக்கத்துப் பெண்ணின் தாளில் வேறு விடையைப் பார்த்ததும் அடித்துவிடுவார்கள். அடித்த சரியான விடைக்கு நான் அரை மதிப்பெண் கொடுப்பேன். மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள். காரணம் கேட்டால், பிள்ளைகள் பாவம் என்பேன்.

சைகோனில் வல்லியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் மேடைக்கு வரலாம். வந்தாலும் என் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் போகலாம். அதன்பின் தினசரி போன் நின்றுபோகலாம். யோசித்துக்கொண்டே இருந்ததில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெட்டி கட்டியாயிற்று. பருப்புப்பொடி, நெய், தலைவலித் தைலம், இரண்டு நைட்டி, ஒரு நல்ல புடவை. வல்லி விசிலை மறக்காமல் எடுத்துவைத்துவிட்டதாகச் சொன்னாள். எதற்கு என்றேன். "வெளியூர் போறப்ப அது இல்லாம கழுத்து வெறுமையா இருக்கும்டீ" என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி, சைகோன்

திருச்சியில் நள்ளிரவுக்கு மேல் ஏறி, தூங்கி எழுவதற்குள் இறங்கிவிட்டோம். மதுரைக்குப் பேருந்தில் போய் வந்த நேரம்தான். இந்த ஊருக்கு இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர். ஆனால் டாக்சிக்காரரிலிருந்து இட்லி போன்ற ஒன்றை விற்ற அம்மாள்வரை எல்லோரும் சைகோன் என்றே சொல்கிறார்கள். திருச்சிராப்பள்ளியை யார் முழுதாகச் சொல்கிறார்கள்?

எங்கே ஏறினாலும் இறங்கினாலும் எண்ணுவது எங்கள் வழக்கம். இருவர் மட்டும் போனாலும் உண்டு. விமான வாசலில் வல்லி "ஒண்ணு" என்றாள், நான் "ரெண்டு" என்றேன். பணிப்பெண் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக் குனிந்து கேட்டாள். "ஃபுல் ஸ்ட்ரென்த்" என்று வல்லி அவளுக்கு விளக்கினாள்.

இந்த ஊர்ச் சாலையைக் கடப்பது தனிப் பாடம். மோட்டார் சைக்கிள்கள் ஆற்று வெள்ளம்போல் வருகின்றன. முதல் பத்து நிமிடம் நடைபாதையிலேயே நின்றிருந்தோம். பிறகு வல்லி ஓர் உள்ளூர்ப் பெண்மணியைக் கவனித்துவிட்டுச் சூத்திரத்தைச் சொன்னாள். "ஓடாத. நிக்காத. ஒரே வேகத்துல நட. அவன் ஒன்னச் சுத்திப் போயிருவான்." சீரான வேகம். அந்தப் பாடத்துக்கு ரயில் வண்டியை உதாரணம் காட்டி எத்தனை வருடம் வீணாக்கினேன். இந்தச் சாலை ஒன்று போதும். நடுச்சாலையில் நான் ஒரு கணம் நின்றுவிட்டேன். வல்லி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நடைபாதைக் காப்பிக் கடைகளில் முக்காலியைவிடக் குள்ளமான பிளாஸ்டிக் நாற்காலிகள். குழந்தைகளுக்கானவை என்று நினைத்தேன். எல்லோருக்கும் அதுதான். வல்லி "புது முட்டி, பரீட்சை வெச்சுருவோம்" என்று உட்கார்ந்துவிட்டாள். உட்காருவது எளிது. எழுவதற்கு நானும் கடைக்காரப் பெண்ணும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். கடைக்காரப் பெண் மூன்றுவரை எண்ணித்தான் தூக்கினாள். மொழி தெரியாவிட்டாலும் மூன்று புரிந்தது.

நாளைக்கு ஒப்பந்தம் இப்படி. பகல் என்னுடையது, போர் அருங்காட்சியகம். மாலைக்கு மேல் வல்லியுடையது, புய் வியென் என்ற நடைத்தெரு.

"ஆறு மாசம் கால நீட்டிப் படுத்துக்கிட்டு போன்ல இந்தத் தெருவத்தான் பாத்தேன். கால் சரியாச்சுன்னா அங்க போயி ஆடுறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"யார்கிட்ட?"

"சமயபுரத்தாகிட்டத்தான். வேற யாருகிட்ட?"

"ஆத்தா இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டாளா?"

"அவளே திருவிழான்னா ஆட்டத்தப் பாக்காம இருக்க மாட்டா. ஒனக்கு என்னடீ தெரியும், நீ வேளாங்கண்ணி பார்ட்டி."

இரவு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் ஊறுகாய் கேட்டேன்.

பிப்ரவரி 22, சனி, மதியம்

அருங்காட்சியக முற்றத்தில் டாங்கிகளும் போர் விமானங்களும் நிற்கின்றன. அங்கே வல்லி உற்சாகமாகத்தான் இருந்தாள். ஒரு விமானத்தின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, "காத்து கம்மியா இருக்கு" என்றாள். மாடி ஏறியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சுவர் முழுக்கப் புகைப்படங்கள். நான் எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. சமூக அறிவியல் டீச்சர் வராத நாட்களில் நான் இந்த வியட்நாம் போரை நான்கு வரியில் நடத்தியிருக்கிறேன். அதில் ஒரு வரி, "ஏராளமானோர் உயிரிழந்தனர்." ஏராளம் என்பது எண்ணே அல்ல. கணக்கு டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கக் கூடாது.

இங்கே ஒரு கிராமத்துக்கு எண் இருந்தது. மை லாய். ஒரே காலையில் கொல்லப்பட்டவர்கள் ஐந்நூற்று நான்கு பேர். அதில் நூற்று எழுபத்து மூன்று பேர் குழந்தைகள். வல்லி அந்த இடத்திலேயே நின்றாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிப் போனார்கள், சாலையில் வண்டிகள் போவதுபோல.

"யாரோ உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணியிருக்காங்கடீ" என்றாள். "கைக்குழந்த உள்பட. ஒண்ணு விடாம."

நான் அந்த எண்களை மறுபடி படித்தேன்.

"நான் ஒரு பஸ்ஸ எண்ண முடியல" என்றாள்.

அந்தக் கிராமத்தைப் பற்றி நான் வேறோர் இடத்தில் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. சுட்டுக் கொன்ற அமெரிக்கப் படையினர் முதலில் அனுப்பிய அறிக்கையில் எதிரிகள் நூற்று இருபத்தெட்டுப் பேர் என்று இருந்ததாம். கூட இருந்தவர்களுக்கு அது பொய்யென்று தெரியும். அது வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதையும் என் கதையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன், அது பாவம். ஆனால் சரியான எண்ணை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பிக் கடை. அதே குள்ள நாற்காலி. ஐஸ் போட்ட பால் காப்பி. வல்லி கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வல்லி, அன்னைக்கு நான் அம்பத்தொண்ணுதான் எண்ணுனேன்."

"என்னைக்கு?"

"மாமல்லபுரத்துல."

கரண்டி நின்றது.

"அப்புறம் ஏன் அம்பத்திரண்டுன்ன?"

"நீ சொல்லிட்ட. நீ சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன். நான்தான் ஒண்ண விட்டுட்டேன்னு. டிரைவர் வேற ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு."

"இன்னொரு தடவ எண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு நிமிஷம்."

"விசாரணையில கேட்டாங்களே. அப்பவும் அம்பத்திரண்டுன்னுதான் சொன்ன?"

"பயமா இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லவும் பயமா?"

இதற்கு நான் ஓர் உதாரணம் தேடினேன். கிடைக்கவில்லை. "ஆமா" என்றேன்.

அவள் காப்பியை முழுதாகக் குடித்து முடித்தாள். ஐஸ் கட்டிகளையும் விடவில்லை. பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"கை குடுங்க டீச்சர். எந்திரிக்கணும்."

இங்கே ஒன்றைக் குறிக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் நாங்கள் ஒருவரையொருவர் வாங்க, போங்க என்போம். பள்ளி மணி அடித்ததும் வாடி, போடிதான். தனியாக இருக்கும்போது அவள் என்னை "நீங்க" என்றதே இல்லை. கோபத்தில் எழுந்து போக நினைத்தவளை நானே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைக்காரர்தான் எண்ணினார்.

சாலையைக் கடக்கும்போது அவள் என் தலைப்பைப் பிடிக்கவில்லை. விடுதி வாசலில் எண்ணவும் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு, விடியற்காலை

நேற்று இரவை இப்போதுதான் எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை. வல்லி குறட்டை விடுகிறாள்.

மாலை ஏழு மணிக்கு அவள் கண்ணாடி முன் நின்று மல்லிகைக்குப் பதிலாக ஏதோ ஓர் உள்ளூர் வெள்ளைப் பூவைச் செருகிக்கொண்டாள். "வேண்டுதல் வேண்டுதல்தான். நீங்க வர்றதுன்னா வாங்க" என்றாள். போனேன்.

புய் வியென் தெருவில் இரண்டு பக்கமும் மதுக்கடைகள். ஒவ்வொரு கடையும் தன் பாட்டை எதிர்க் கடையைவிடச் சத்தமாகப் போடுகிறது. மேசைமேல் ஏறி ஆடுகிறார்கள். நெருப்பை வாயில் வைத்து ஊதுகிறார்கள். நான் எலுமிச்சைச் சாறு மட்டுமே குடித்தேன். அது ஏன் அவ்வளவு சூடாக உள்ளே இறங்கியது என்று தெரியவில்லை. வல்லி பீரை ஸ்ட்ரா போட்டுக் குடித்தாள்.

பிறகு ஆட இறங்கினாள். நாற்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றுதான். குடியரசு தினக் கூட்டு உடற்பயிற்சி. கை முன்னால், மேலே, பக்கவாட்டில், கீழே. குதித்துக் கால் அகற்று. நான்கு எண்ணிக்கை, திரும்பு. சைகோனின் நடுத்தெருவில் பட்டுப்புடவையில் அதைச் செய்தாள். முதலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அவளைப் பார்த்துச் செய்தார்கள். பிறகு ஒரு கொரியக் கூட்டம். கொஞ்ச நேரத்தில் முப்பது பேர் வரிசையாக நின்று, வல்லி கை தூக்கினால் கை தூக்கினார்கள். ஒருவன் வரிசையைவிட்டு விலகியபோது வல்லி அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். புது முட்டி ஒரு புகாரும் சொல்லவில்லை.

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் ஒரு முறைகூட என் பக்கம் பார்க்கவில்லை.

கழிப்பறை தேடிப் போனேன். வெளியே வந்தபோது வேறொரு வாசல், வேறொரு சந்து. எல்லாக் கடையும் ஒரே கடையாகத் தெரிந்தது. என் போனும் கைப்பையும் வல்லியின் நாற்காலியில். விடுதியின் பெயர் வியட்நாமிய மொழியில் மூன்று சொல். மூன்றும் மறந்துவிட்டது. அறுபத்தாறு வயதில் ஒரு தெருவில் தொலைந்துபோனேன்.

சந்து முனையில் சைக்கிளில் காய்ந்த கணவாய் மீனைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள். என் முகத்தைப் பார்த்ததும் தன் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஒரு கணவாயை வாட்டிக் கிழித்து ஒரு துண்டைக் கையில் வைத்தார். மென்றுகொண்டே கூட்டத்தைப் பார்த்தேன். நிறையப் பேர் போனார்கள். எவருடைய கணக்கிலும் நான் இல்லை. வல்லி எண்ணாமல் போயிருக்கலாம். மதியம்தான் எண்ணுவதை நிறுத்தியிருந்தாளே. இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தேன், அந்த மணலில்.

அப்போது கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எங்கள் பள்ளியில் அணிவகுப்புக்கான விசில்.

எனக்கு முன்னால் ஒரே மாதிரிப் பனியன் போட்டுப் போய்க்கொண்டிருந்த நான்கு ஆண்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வல்லி வந்தாள், விசில் வாயில், என் கைப்பை தோளில்.

"எந்த ஊரு?" என்றாள் அவர்களிடம்.

"திண்டுக்கல் டீச்சர். சும்மா பாக்கத்தான் வந்தோம்."

"பாத்தாச்சுல்ல. ஓரமா போங்க. ஒருத்தர் கைய ஒருத்தர் விடாதீங்க."

நான்கு பேரும் ஓரமாகப் போனார்கள். நான் எழுந்து நின்றேன். வல்லிக்கு மூச்சு வாங்கியது. பூ விழுந்துவிட்டிருந்தது.

"எங்க போனீங்க? நாலு தடவ எண்ணுறேன், ஒண்ணுதான் வருது."

நான் "ரெண்டு" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சுற்றுலாவில் சேட்டைக்காரப் பிள்ளைகளைப் பிடிக்கும் பிடி. விடுதிவரை விடவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு, விமான நிலையத்தில்

காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். இந்த ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கோபுரம், நம் ஊர் அம்மன். கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். அவர்களுக்கு ஒரு பழக்கம். கருவறைக்குப் பின்னால் உள்ள கல் சுவரில் முகத்தை ஒட்டிவைத்து வேண்டுதலைக் காதில் சொல்வதுபோல் கிசுகிசுக்கிறார்கள்.

வல்லியும் வரிசையில் நின்று சுவரில் நெற்றியை வைத்தாள். அவள் குரல் மைதானத்தில் வளர்ந்தது, கிசுகிசுக்கத் தெரியாது.

"ஆத்தா, கால் குடுத்த, ஆடிட்டேன். அது சரியாப் போச்சு. இன்னொண்ணு இருக்கு. இவ அம்பத்தொண்ணு எண்ணுனாளாம். வாயத் தொறக்கலையாம். நான் கிறுக்கி மாதிரி இருபத்தொம்பது வருஷமா என் கண்ணையே திட்டிக்கிட்டு இருந்தேன். செருப்ப எடுக்கப் போனவள ரெண்டு தடவ தொட்டது நான்தான். அது என் தப்பு, யார் தலையிலயும் போடல. ஆனா இவ ஒரு வார்த்த, 'இன்னொரு தடவ எண்ணுவோம் வல்லி'ன்னு கேட்டிருக்கலாம்ல. கபடிப் புள்ளைங்க கப்போட வந்து எறங்குச்சுங்க, நான் கேட்டுல நின்னு கை தட்டுனேன். இவளும் பக்கத்துல நின்னுதான தட்டுனா. இவள என்ன செய்யலாம், நீயே சொல்லு."

நெற்றியை எடுத்துக் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பின்னால் நின்ற பெண்மணி பொறுமையாகக் காத்திருந்தார்.

"என்ன சொல்றா?" என்றேன்.

"மேடையில ஏறி, மைக்கப் பிடிச்சு, அந்தப் புள்ள முன்னாடி சொல்லணுமாம். சொன்னா நானும் வரணுமாம்."

"நீ ஏற மாட்டேன்னியே."

"ஆத்தா சொல்றப்ப நான் என்ன செய்ய?"

சம்மதித்தேன். இப்போது எங்கள் வாசலில் அழைப்பு ஆரம்பித்துவிட்டது. வல்லி முன்னால் போகிறாள். "ஒண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 26, புதன்

பேச வேண்டியதை எழுதினேன். நான்கு வரி. அடித்தேன். மறுபடி எழுதினால் அதே நான்கு வரி. வல்லி நேற்றும் இன்றும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பள்ளி அரங்கில் முந்நூறு பேர் இருக்கும். நான் எண்ணவில்லை. மேடையில் எனக்கும் வல்லிக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள்தான் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

குணவதி பேசினாள். சிப்பி மாலை கோத்ததைச் சொன்னாள். அரங்கம் சிரித்தது. "இப்ப எங்க தொழிற்சாலையில ஒரு ஷிஃப்டுக்கு எரநூறு பேரு. வேல முடிஞ்சா ஒவ்வொருத்தரா நானே எண்ணாம கேட்டப் பூட்ட விடமாட்டேன். அது எங்கேர்ந்து வந்த பழக்கம்னு எங்க மேனேஜருக்குத் தெரியாது" என்றாள். எங்கள் பக்கம் கும்பிட்டுவிட்டு உட்காரப் போனாள்.

நான் எழுந்தேன். மைக் என் உயரத்துக்கு இல்லை, யாரோ வந்து இறக்கினார்கள். நான்கு வரியைச் சொன்னேன்.

"அன்று வல்லி டீச்சர் எண்ணியதில் ஒரு தவறு இருந்தது. நான் எண்ணியது சரி. ஐம்பத்தொன்று. அதைச் சொல்லாமல் ஐம்பத்திரண்டு என்று சொன்னேன், விசாரணையிலும் அதையே சொன்னேன், அதற்கான தண்டனையை வல்லி டீச்சர் தனியாக அனுபவித்தார்."

முன்வரிசையில் இருந்த எங்கள் பழைய தலைமையாசிரியை தன் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். நான் குணவதியைப் பார்த்தேன். அவள் பாதி எழுந்த நிலையில் இருந்தாள்.

"அம்பத்தொண்ணா டீச்சர்?"

"ஆமாம்மா."

"நிஜமாவா?"

"நிஜமா. ஜன்னலோரம் மூணாவது சீட்டு. அங்க ஒண்ணு கொறஞ்சுச்சு."

அவள் மைக்கிடம் வரவில்லை. என்னிடம் வந்தாள். ஆனால் மைக் திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அன்னைக்கு நான் ஒங்கள கொற சொல்லக் கேக்கல டீச்சர். ரெண்டு டீச்சரும் எண்ணுனாங்க, ரெண்டு பேருக்கும் சரியா வந்துச்சுன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க. நான் இல்லாமலே கணக்கு சரியா வருதுன்னா, நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு தோணுச்சு. அதத்தான் கேட்டேன். இத்தன வருஷம் அது உள்ளயே கெடந்துச்சு. நான் இல்லாம ஒரு கணக்கு கொறஞ்சிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் அழுதாள் என்று எழுதினால் சரியாக இராது. சிரித்தாள் என்றாலும் சரியாக இராது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன், மைக்கில் அதுவும் கேட்டது.

திரும்பி என் நாற்காலிக்கு வந்தபோது நடு நாற்காலி காலியாக இல்லை. வல்லி நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். சால்வையை மடியில் மடித்துக்கொண்டே, மேடைக்கு முன்னால் பார்த்தபடி சொன்னாள்.

"மூணாவது சீட்டு வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்க. அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா நான் கப்ப வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்டீ."

"ஆமா."

"கோவம் இன்னும் போகல. கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும்."

"நாளைக்கு போன் பண்ணு. திட்டணும்."

சாப்பாட்டுக்கு மாடியில் இலை போட்டிருந்தார்கள். படியில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போனதும் "ஒண்ணு" என்றாள். "ரெண்டு" என்றேன். பின்னால் வந்த குணவதி "மூணு" என்றாள்.

ஓய்வுபெற்றாலும் வீட்டுப்பாடம் கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. இந்த நோட்டை யாராவது என்றாவது படித்தால் அவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை இன்னொருவரோடு சேர்ந்து எதையாவது எண்ணும்போது, அவர் வாயைத் திறப்பதற்கு முன் உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.